18 வயதுக்குப் பிறகு யார் பேசுவது? கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவரின் உரிமை

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் புதுச்சேரியிலோ கடலூரிலோ ஏதாவது ஒரு கல்லூரி அலுவலகத்தில் கொஞ்ச நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். பார்வையற்ற இளைஞர் ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்தபடி வரிசையில் வருவார். வயது 20 இருக்கும். கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து அம்மாவிடம், "பையன் என்ன குரூப்பும்மா? என்ன கோர்ஸ் கேக்கறான்?" என்பார். அம்மா பதில் சொல்வார். அடுத்த கேள்வியும் அம்மாவுக்குத்தான். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும், "நீங்களே போட்டுடுங்கம்மா, பரவாயில்ல" என்று படிவத்தை அவர் பக்கமே தள்ளுவார்கள். அந்த இளைஞர் அதுவரை வாயைத் திறந்திருக்க மாட்டார்.

கேட்டவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. அம்மாவுக்கும் பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆனாலும் அங்கே ஒரு தவறு நடக்கிறது. விண்ணப்பதாரர் அந்த இளைஞர். இந்தியாவில் 18 வயது நிறைந்தவர் மேஜர். மாற்றுத்திறனாளிக்கென்று இதில் தனி வயது கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 13-ஆவது பிரிவில், வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் மற்றவர்களுக்கு இருக்கும் அதே சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்று நேராகவே சொல்கிறது. எந்தப் பாடம் எடுப்பது, என்ன வசதி கேட்பது, மருத்துவச் சான்றை யாரிடம் காட்டுவது, குறை இருந்தால் யார் மேல் மனு கொடுப்பது, எல்லாமே அந்த மாணவரின் முடிவு. அப்பா, அம்மா, சிறப்பாசிரியர், தொண்டு நிறுவனம் எல்லோரும் அவருக்குத் துணைதான்.

வயது வந்த மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சட்டம் தரும் உரிமைகள் நம் ஊரில் பலர் நினைப்பதைவிட அதிகம். அவை கைக்கு வந்து சேராததற்குப் பணப் பற்றாக்குறை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவருடைய இடத்தில் நின்று மற்றவர்கள் பேசுவதும், முடிவு எடுக்கிற மேசையில் அவருக்கு நாற்காலி இல்லாததும் என்று நான் நினைக்கிறேன்.

பள்ளியோடு நின்றுபோகும் உதவிகள்

கட்டாயக் கல்விச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு அதை 18 வயது வரை நீட்டுகிறது. புத்தகம், கற்றல் கருவி, உதவிக் கருவி எல்லாம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 17-ஆவது பிரிவு சொல்வதும் 18 வயது வரைக்கும்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் சிறப்பாசிரியர்கள் பன்னிரண்டாம் வகுப்போடு விடைபெற்றுவிடுவார்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுவதற்கு ஆசிரியர் ஒருவரைத் தேர்வுத் துறையே அனுப்பிவைக்கும். கல்லூரிக்குள் நுழைந்ததும் அந்த ஆளை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டிய நிலைதான் பல இடங்களில்.

கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கல். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அவர்களுக்கான சான்றிதழை 14 வயதில் ஒருமுறையும் 18 வயதில் ஒருமுறையும் மறுபரிசோதனை செய்து வாங்க வேண்டும். 18 வயதில் வாங்குவதுதான் ஆயுளுக்கும் செல்லும். அதாவது, கல்லூரியில் சேரும் அதே பருவத்தில் பழைய சான்றின் காலம் முடிந்திருக்கும். புதியதற்கு மருத்துவமனையில் தேதி வாங்கி, பரிசோதனை முடித்து, அட்டை கையில் வருவதற்குள் முதல் பருவத் தேர்வு வந்துவிடும். "சர்டிபிகேட் இல்லாம எக்ஸ்ட்ரா டைம் எப்படிக் குடுக்கறது?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். மாணவரிடம் பதில் இருக்காது.

அமெரிக்காவில் இந்த வயது மாற்றத்துக்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். அங்கே சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் பெற்றோருக்கு இருக்கும் உரிமைகளை, பிள்ளை மேஜர் ஆகும்போது மாநிலங்கள் பிள்ளையின் பெயருக்கே மாற்றிவிடலாம். அப்படி மாறப்போகிறது என்பதைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பே மாணவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். கல்லூரிக்குப் போன பிறகு அந்தச் சட்டம் செல்லாது. வேறு சட்டங்களின் கீழ் மாணவரே தன் தேவையைச் சொல்லி வசதி கேட்க வேண்டும். அங்கேயும் குறைகள் நிறைய. ஆனால் "இனிமேல் நீதான் பேச வேண்டும்" என்று 17 வயதிலேயே ஒருவரிடம் சொல்லித் தயார்படுத்துவது நம்மிடம் அடியோடு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் நாளில் அரைமணி நேரம் ஒதுக்கினால் நம் பள்ளிகளாலும் இதைச் செய்ய முடியும்.

சட்டம் என்ன தருகிறது

அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் நிறுவனங்களும் குறைந்தது 5 சதவீத இடங்களை 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. இது 32-ஆவது பிரிவு. காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம், கோரிமேட்டு ஜிப்மர், தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எல்லாம் இதற்குள் வரும். உதவி பெறாத தனியார் கல்லூரிகளுக்கு இந்த 5 சதவீதம் பொருந்தாது. புதுச்சேரியைச் சுற்றித் தனியார் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று புரியும். அதற்காகத் தனியார் கல்லூரி கையை விரித்துவிட முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற எல்லா நிறுவனங்களிலும் பாகுபாடு இல்லாத சேர்க்கையும், ஏறி இறங்க ஏற்ற கட்டடமும், தனிமனிதத் தேவைக்கேற்ற வசதியும் இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது.

5 சதவீதம் காகிதத்தில் இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், நாடு முழுக்க உயர்கல்வியில் இருக்கும் 4 கோடிக்கும் மேற்பட்டோரில் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானவர்கள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. இடம் இருந்தும் ஆள் வரவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். புதுச்சேரியில் மட்டும் சுமார் 30,000 பேர். நாடு முழுக்க இவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏறக்குறைய 45 சதவீதம். ஆள் இல்லாமல் இல்லை. கல்லூரி வாசல் வரை வருவதற்குள் பாதிப் பேர் உதிர்ந்துவிடுகிறார்கள்.

இந்தச் சட்டத்தில் உயிர்நாடி என்று நான் நினைப்பது 3-ஆவது பிரிவு. ஒருவருக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தருவது அரசின் கடமை என்கிறது அது. நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றாத வரையில் அந்த வசதியை மறுத்தால் அதுவே பாகுபாடு. சாய்தளம், லிப்ட் மட்டுமே வசதி இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது வசதி. காது கேளாத மாணவருக்குப் பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுப்பது வசதி. மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா மாணவருக்கு வருகைப் பதிவில் தளர்வு தருவது வசதி. 2016 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்ததால் தலசீமியா, ஹீமோபிலியா, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்கின்சன் எல்லாம் இப்போது இதற்குள் வருகின்றன. பார்த்தால் தெரியாத குறைபாடு உள்ள மாணவரிடம், "உனக்கென்னப்பா, நல்லாத்தானே இருக்கே" என்று சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

தேர்வு அறைக்குள்

உரிமை நிஜமாகச் சோதனைக்கு உள்ளாகும் இடம் தேர்வு அறைதான். அதனால் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பி.ஏ. வரலாறு, மூன்று மணி நேரத் தாள். தனியாக ஒரு அறை, பெரும்பாலும் ஸ்டோர் ரூமை ஒழித்துக் கொடுத்தது. பார்வையற்ற மாணவி ஒரு பக்கம், அவர் சொல்வதை எழுத வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எதிர்ப்பக்கம். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல், மாணவரே ஆளைக் கூட்டி வந்தால் எழுதுபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது. கேள்வி கர்நாடகப் போர்கள் பற்றியது. மாணவி மடமடவென்று சொல்கிறார்: டூப்ளே, சாந்தா சாகிப், செயின்ட் டேவிட் கோட்டை, 1748 எக்ஸ்-லா-சப்பேல் உடன்படிக்கை. எழுதும் பெண் வணிகவியல் பிரிவு. "அக்கா, எக்ஸ்-லான்னா இங்கிலீஷ் எக்ஸா?" மாணவி எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். அதற்குள் அடுத்து சொல்ல நினைத்த வாக்கியம் நழுவிவிடும். எழுதியவரைக்கும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி, நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால், தாளில் இடம் இருக்காது. அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதுவார்கள். திருத்துபவருக்கு அது அலங்கோலமாகத் தெரியும். மாணவிக்குத் தன் விடைத்தாள் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. கேட்டல், நினைத்தல், சொல்லுதல், எழுத்துக் கூட்டுதல், சரிபார்த்தல் என்று ஒரே கேள்விக்கு அவர் ஐந்து வேலை செய்கிறார். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்ற விதி இதற்காகத்தான்.

மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 10 மணிக்குத் தொடங்கிய தேர்வு 2 மணிக்கு முடிய வேண்டும். மற்ற அறைகளில் 1 மணிக்கு மணி அடித்துவிடும். கட்டுகளைச் சீல் வைக்க வேண்டும், மதியத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும், கண்காணிப்பாளர் சாப்பிடவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று ஒன்றேகாலுக்கு ஒருமுறை, ஒன்றரைக்கு ஒருமுறை தலையை நீட்டுவார்கள். அந்த நெருக்கடி தாங்காமல் பாதியில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்த மாணவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கூடுதல் நேரம் தரப்படவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மாணவர் தானாகவே எழுந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த 2018 வழிகாட்டுதலில் மாணவர்களுக்கே அதிகம் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. எழுதுபவரைத் தானே கூட்டி வருவதா, நிறுவனம் தருபவரை ஏற்பதா என்பது மாணவரின் விருப்பம் என்றது அது. மொழிப் பாடத்துக்கு ஒருவர், மற்றதற்கு வேறொருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் ஆள் வரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பிரெயிலிலோ, கணினியிலோ, பெரிய எழுத்திலோ, குரலைப் பதிவு செய்தோ விடை தரும் முறையையும் கேட்கலாம். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளில் பழகிய மாணவருக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. கல்லூரிகள் இதற்கு ஏன் தயங்குகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. இணையத்தைத் துண்டித்த ஒரு கணினி எல்லாத் துறையிலும் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் முக்கியமான ஒரு பூட்டைத் திறந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒருவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் தர மறுத்தார்கள். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பது காரணம். இடஒதுக்கீட்டுக்கு வேண்டுமானால் 40 சதவீதம் பார்க்கலாம், வசதி கேட்பதற்கு அந்த அளவுகோல் கிடையாது என்றது நீதிமன்றம். சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தையும் அது ஏற்கவில்லை. அதன் பிறகு 2022 ஆகஸ்டில் 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வந்தது. 2021 நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு: நீட் தேர்வில் எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவிக்குக் கூடுதல் நேரம் தராமலேயே தாளைப் பிடுங்கிவிட்டார்கள். மறுதேர்வுக்கு நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் நடந்தது அநீதி என்று சொல்லி, அதைச் சரிசெய்ய வழி காணும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோந்த் வழக்கில், பேச்சுக் குறைபாடு இத்தனை சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று ஆளைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்றது. ஜிப்மர் இருக்கும் ஊரில் இந்தத் தீர்ப்பை நீட் எழுதும் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பாதுகாவலர் எப்போது?

"பையன் மேஜர் ஆயிட்டான், இனி நான் கையெழுத்துப் போட முடியாதாமே, கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வரச் சொல்றாங்க" என்று பெற்றோர் கலங்கிப் போய்க் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர் இவர்களுக்குப் பாதுகாவலர் என்ற பேச்சே எழக்கூடாது. கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைரேகை வைக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, 18 வயதுக்கு மேற்பட்டவருக்கும் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டிய விஷயம் இது.

2016 சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதிலிருந்து ஒரு படி முன்னால் போகிறது. போதிய உதவி கொடுத்தும் ஒருவரால் சட்டப்படி செல்லக்கூடிய முடிவை எடுக்க முடியாமல் போனால் மட்டுமே வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் வருவார். அவரும் தன்னிச்சையாக முடிவு எடுக்க முடியாது. அந்த நபரோடு கலந்து, அவருடைய விருப்பத்தை ஒட்டி, சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். உதவி செய்பவர் அந்த நபர் மேல் தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது, அவருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்று 13-ஆவது பிரிவே கட்டுப்படுத்துகிறது. ஆகவே, ஆட்டிசம் உள்ள 19 வயதுப் பெண் பி.காம். சேர விரும்பினால், "கார்டியன் இருந்தாத்தான் சேர்ப்போம்" என்று கல்லூரி சொல்வது முறையல்ல. எளிய தமிழில் படிவத்தைப் படித்துக் காட்டி, யோசிக்க ஒரு நாள் கொடுத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பெண்ணிடமே கேட்கட்டும். பெரும்பாலான முடிவுகளுக்கு இதுவே போதும்.

பணத்திலும் இந்த வயதுக் குழப்பம் உண்டு. மத்திய அரசின் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 30 வயதில் திரும்பப் படிக்க வருபவரிடமும் அப்பாவின் வருமானச் சான்றைக் கேட்டால் அவர் எங்கே போவார்?

மேசையில் ஒரு நாற்காலி

தனி ஒருவருக்கு வசதி கிடைப்பது ஒரு பாதி. விதிகளை வகுக்கும் இடத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் இருப்பது மறு பாதி. அந்த மறு பாதி ஏறக்குறைய காலியாகவே கிடக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளராக வருவார். அந்த ஒரு இடத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கொடுக்கக் கல்லூரி முதல்வருக்கு எந்தத் தடையும் இல்லை. மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம்.

மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கலாமே என்றால், அங்கே லிங்டோ குழுவின் விதிகள் குறுக்கே வரும். 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன பரிந்துரைகள் இவை. இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருந்தால்தான் போட்டியிடலாம். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது. போலியோவால் இரண்டு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவர், அறுவைச் சிகிச்சைக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்தவர், நடுவில் சிறப்புப் பள்ளிக்கு மாறி ஒரு வகுப்பு பின்தங்கியவர், இவர்களுக்கு இந்தத் தாமதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பி.ஏ. மூன்றாம் ஆண்டு வரும்போது 23, 24 வயதாகிவிடும். சேர்க்கைக்கு 5 ஆண்டு தளர்வு தரும் சட்டம் தேர்தலைப் பற்றி எதுவும் பேசவில்லை. ரவுடித்தனத்தைத் தடுக்கக் கொண்டுவந்த வயது வரம்பு, தாமதமாகப் படிக்க வந்த மாற்றுத்திறனாளியையும் வெளியே நிறுத்துகிறது. இதைச் சரிசெய்யச் சொல்லி எந்த மாணவர் அமைப்பும் உரத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டும்.

வசதி மறுக்கப்பட்டால் எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு ஊர்களிலும் அது கொஞ்சம் சுற்றலாக இருக்கும். நடுவில் ஓடும் தென்பெண்ணை ஆற்றைத் தாண்டித் தினமும் ஆயிரக்கணக்கானோர் படிக்கப் போய் வருகிறார்கள். வீடு கடலூரில், கல்லூரி புதுச்சேரியில் என்றால், மாநில அரசின் உதவித்தொகை, பஸ் சலுகை எல்லாம் வீடு இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு தமிழக அரசுப் பேருந்துக்குத்தான். ஆனால் கல்லூரிக்குள் செய்து தர வேண்டிய வசதிக்குக் கல்லூரிதான் பொறுப்பு. மாணவர் எந்த ஊர் என்று பார்க்கக் கூடாது. முதலில் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள். வாயால் கேட்டதெல்லாம் காற்றோடு போய்விடும். அரசு நிறுவனம் என்றால் அங்கே ஒரு குறைதீர் அலுவலர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் யார் என்று பெயர் கேளுங்கள். அங்கே பலன் இல்லையென்றால், மாநில அரசுக் கல்லூரிக்கு அந்தந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மத்தியப் பல்கலைக்கழகம், ஜிப்மர் போன்றவற்றுக்கு டெல்லியில் உள்ள தலைமை ஆணையர். ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை. இரண்டு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றமே என்பது ஒரு சௌகரியம்.

மனு மாணவரின் பெயரில், மாணவரின் கையெழுத்தோடு போகட்டும். அப்பாவின் பெயரில் போனால் பதிலும் அப்பாவுக்குத்தான் வரும்.

படிக்காமலே வயதானவர்கள்

கல்லூரி வரை வந்தவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். பள்ளிப் படியே ஏறாமல் இன்று 35, 45 வயதில் இருப்பவர்களை யாரும் மாணவர் என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. அதற்கு முன் இருபது, முப்பது வருடங்களில் கால் முடங்கியவர்கள் எல்லாம் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், தவழ்ந்தபடி பள்ளிக்கு எப்படிப் போவது என்று வீட்டோடு நிறுத்தப்பட்டவர்கள் பெட்டிக்கடையிலும் தையல் மிஷினிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 90-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் திண்ணை திண்ணையாகப் போய் ஏராளமானவர்களுக்கு எழுத்தறிவித்தது. அது பெரிய வேலை. ஆனால் காது கேளாதவருக்கும் பார்வையற்றவருக்கும் அந்தத் திண்ணையில் பாடம் நடத்தும் வழி அன்று பரவலாகக் கைவரவில்லை.

2016 சட்டத்தின் 18-ஆவது பிரிவு இவர்களுக்கானது. வயது வந்தோர் கல்வியிலும் தொடர் கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை, உள்ளாட்சிகளின் கடமை என்கிறது அது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத உச்ச வயது வரம்பு கிடையாது. வீட்டிலிருந்தே படிக்கலாம். பத்தும் பன்னிரண்டும் முடித்தவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியில் பட்டப் படிப்பு இருக்கிறது. வழி இருக்கிறது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

உள்ளாட்சி என்று சட்டம் சொல்வதால் இங்கே இரண்டு ஊர்களின் நிலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்தும் சட்டத்திருத்தத்தைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். கடலூர் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் ஊராட்சியில் அந்த நாற்காலி முழுப் பயன் தரும். புதுச்சேரியிலோ கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதற்கு அப்புறம் தேர்தலே நடக்காமல் ஆண்டுகள் ஓடின. 18-ஆவது பிரிவு சொல்லும் கடமையை யாரிடம் போய்க் கேட்பது என்றால், வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில், கொம்யூன் (புதுச்சேரியின் ஊராட்சி அமைப்பு) ஆணையரின் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கடலூர் பக்கம் நியமன உறுப்பினராக அமர்பவர் முதல் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: இந்த வார்டில், இந்த ஊராட்சியில், 18 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், பாதியில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்? தேசிய அடையாள அட்டைப் பதிவேட்டில் பெயர்கள் இருக்கின்றன. எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வீடு வீடாகப் போனால் ஒரு மாதத்தில் பட்டியல் தயாராகிவிடும். அந்த வீடுகளில் கதவைத் தட்டும்போது, திறக்கும் அம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்பாமல், உள்ளே இருப்பவரிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.